அறுந்த கயிறும் ஆயரின் பிரசங்கமும்

அன்புத் தம்பி ஃபிர்மெனுக்கு அண்ணன் ஆன்செல்ம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அதாவது நான் சொல்கிறேன், உன் அண்ணி ஒனொரின் எழுதுகிறாள். சர்வேசுரன் தயவில் என் முட்டிவலி தவிர இங்கே எல்லாம் சுகம். லியோனில் உன் பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா?

அது கிடக்கட்டும். கோயிலில் ஆர்கன் வாசிக்கும் என் வேலை பிழைத்தது, தம்பி! திருவிழாப் பூசைக்கு வரும் ஆயர் பிரசங்கத்தில் என்னைப் பற்றி ஏதோ அறிவிக்கப் போகிறார் என்று கோயில்பிள்ளை ஒட்டுக்கேட்டு வந்து சொன்னதைப் போன கடிதத்தில் புலம்பியிருந்தேனே! வேறென்ன அறிவிப்பார்? பாரிசில் படித்துவிட்டு வந்த மேயர் மருமகனுக்கு ஆர்கன், இந்தக் குருடனுக்கு வீட்டு மூலை. கடைசித் தடவை என்று நினைத்துத்தான் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். பீடத்தில் நடப்பது எனக்குத் தெரியாதல்லவா, கீழேயிருந்து கோயில்பிள்ளை இழுக்கும் கயிற்றை மணிக்கட்டில் கட்டியிருப்பேன். ஓர் இழுப்பு வந்தால் ஆரம்பி, இரண்டு வந்தால் நிறுத்து. சுவிசேஷம் முடிந்து ஆயர் பிரசங்க மேடை ஏறும்போது ஓர் இழுப்பு வந்தது, ஆரம்பித்தேன். அந்த இரண்டு இழுப்பு வரவே இல்லை. வராவிட்டால் நான் என்ன செய்ய, வாசித்தேன். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்தியை மிதிக்கும் பஸ்தியான் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆயரு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறாரு!" என்றான். "எப்படி ஆட்டுறாரு?" "பலமா!" "அப்ப நீயும் பலமா மிதிடா!" கோயில்பிள்ளை தொந்தியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவன், மூச்சிரைப்பில் பேச்சு வராமல், நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினானாம். யாரிடம்? என்னிடம்! இருந்த குழல் அத்தனையும் திறந்துவிட்டேன் தம்பி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது, ஜனங்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது, நான் வாசித்துக்கொண்டே அழுதேன்.

பிரசங்கம் போயே போச்சு! புறப்படும்போது ஆயர் பங்குசாமியாரிடம், "இவரு இந்தக் கோயிலை விட்டு எங்கயும் போகக் கூடாது, கடைசி வரைக்கும் இங்கயே வாசிக்கட்டும்" என்றாராம். கயிறு நடுவில் அறுந்து கிடந்ததாம். அறுத்தது வானதூதர்தான், சந்தேகமே இல்லை. பிரசங்கத்திலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் கசாப்புக்காரர் முழம் முழமாக சாசேஜ் அனுப்பியிருக்கிறார்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் தலைக்கு மேல் கூரையையும் அடுப்பில் நெருப்பையும் காப்பாராக.

ஆன்செல்ம்

பி.கு.: தம்பி, இது அண்ணி. வானதூதரெல்லாம் இல்லை, நான்தான். மாடிப்படி ஓரமாகப் போகும் கயிற்றைத் தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். பிரசங்கம் நடந்தால்தானே வேலை போகும் என்று நினைத்தேன். நேற்று பங்குசாமியார் வாசலில் நின்று மெதுவாகச் சொல்கிறார், ஆயர் அறிவிக்க வந்தது உங்கள் அண்ணனைப் பேராலயத்துப் பெரிய ஆர்கனுக்கு எடுத்துக்கொள்வதைத்தானாம்! "நிறுத்தத் தெரியாத ஆளு நமக்கு வேணாம்" என்று மனம் மாறிவிட்டாராம். என் பங்கு சாசேஜையும் உங்கள் அண்ணன் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவர் பாடிக்கொண்டே தின்கிறார். இப்போது, "எழுதினதைப் படிடி, கேக்கலாம்" என்கிறார். அடுப்பு நெருப்பு வரைக்கும்தான் படிப்பேன்.