குளிர் அறையிலிருந்து மூன்று தட்டு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காவும் முழங்கால்கள் நீங்கலாக நலம். தங்கள் முழங்கால்களின் நலமறிய ஆவல். பதினோரு வருடமாகப் பேச்சில்லாத வீட்டுக்குக் கடிதம் போடலாமா என்று யோசித்தேன். இது சொந்த விஷயம் அல்ல, விஞ்ஞான விஷயம் என்பதால் போடுகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கவும். படித்து முடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

குளிர் பட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு என்ன செய்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். மீன் கிடங்கின் உறைபனி அறையில் முப்பது வருடம் நின்றவன் என்று யாரோ சொல்லி, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்ன அறை, ஒரு நாற்காலி, மெல்லிய சட்டை, ரத்தம் எடுக்கக் கையில் ஊசி, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் நாள் கதவோர ரப்பர் பிய்ந்திருந்தது கண்ணில் பட்டுத் தொலைத்தது. குளிர் வீணாகிறதே என்று எழுந்து போய் அழுத்தினேன், கையிலிருந்த ஊசிக் குழாய் கழன்றது, நர்ஸ் அலறினாள், அன்றைய சோதனை ரத்து. இரண்டாம் நாள், "நடுங்க ஆரம்பிச்சா சொல்லுங்க ஐயா" என்றார்கள். நான் குறட்டை விட ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "குளிர் தோல்ல பட்டதும் நரம்பு மூளைக்குச் சொல்லும். மூளை இன்னொரு நரம்பு வழியா கொழுப்புக்கு உத்தரவு போடும். கொழுப்புல லெப்டின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது. 'சேமிப்பு இருக்கு, சாப்பிட்டது போதும்'னு மூளைக்குச் சொல்றது அதுதான். குளிர்ல அது குறைஞ்சிடும். அதனால பசி தூக்கும்."

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நாம் இருவரும் கிடங்கில் வேலை முடிந்து வந்து ஆளுக்கு எட்டு முட்டையை உள்ளே தள்ளும்போது, "இதென்ன வயிறா, இன்னொரு கிடங்கா?" என்று உன் அக்கா திட்டுவாளே! குற்றம் நம்முடையது இல்லை, நரம்புடையது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "முப்பது வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சீங்களாக்கும். அந்த ஹார்மோனா வந்து பாத்திரம் தேய்ச்சுது?" என்றாள்.

அன்றிலிருந்து பழைய நினைப்புதான். நம் இருவருக்கும் ஒரே கனத்த கோட்டு. ஆளுக்கு இருபது நிமிடம். உள்தாழ்ப்பாள் உறைந்து கிடக்கும், அதனால் உள்ளே இருப்பவன் மூன்று தட்டு தட்டுவான், வெளியே இருப்பவன் திறப்பான். உன் உடம்புச் சூட்டோடு அந்தக் கோட்டு என் தோளில் ஏறும். அப்படியொரு சூட்டை அதற்குப் பிறகு நான் எந்தக் கம்பளியிலும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் இருபது நிமிடம் ஆனதும் கால் தானாக எழுந்தது. கையில் கடிகாரம்கூட இல்லை. கதவை மூன்று தட்டு தட்டினேன். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே நடுக்கம் எடுத்தது. "சிவப்புப் பொத்தான் இருக்குல்ல ஐயா, எதுக்குக் கதவைத் தட்டுனீங்க?" என்று நர்ஸ் பிறகு கேட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன், கிடங்கை மூடிய கடைசி நாள். வெளியே கேக் வெட்டி, முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அந்த நேரம் நீ உள்ளே தட்டிக்கொண்டிருந்தாய். நாற்பது நிமிடம். திறந்தபோது உன் உதடு நீலம். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாய். தட்டிவிட்டுப் பதில் வராமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது மச்சான். இப்போது தெரியும்.

நிற்க. விஞ்ஞானத்துக்கு வருகிறேன். என் ரத்தம் டாக்டரம்மாவைத் திகைக்க வைத்துவிட்டது. குளிர் படுவதற்கு முன்பே, கதவுச் சத்தம் கேட்டதுமே அந்த ஹார்மோன் குறைந்துவிட்டதாம். ஒருவனை வைத்து முடிவு கட்ட முடியாது, அதே கதவு, அதே கோட்டு என்று வாழ்ந்த இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார். உலகத்தில் அப்படி இன்னொரு ஆள் தாங்கள்தான். ஆகவே வரும் திங்கட்கிழமை புறப்பட்டு வரவும். இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆராய்ச்சிப் பணி.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும், தங்கள் நரம்புகளுக்கு என் மரியாதையும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்

பி.கு.: மச்சான், ரத்த சமாச்சாரம் பொய். என் ரத்தமும் எல்லார் ரத்தம் மாதிரிதானாம். உள்ள போன பிறகுதான் குறைஞ்சுதாம். ஆராய்ச்சியும் போன மாசமே முடிஞ்சுபோச்சு, உன்னை யாரும் கேட்கல, நான்தான் கேட்கிறேன். உன் அக்கா இப்பவே முட்டை வாங்கி வச்சுட்டா. கோட்டை வெயில்ல காயப் போட்டிருக்கேன். திங்கட்கிழமை வாசல்ல வந்து மூணு தட்டு தட்டு. காலையிலிருந்தே கதவுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.