இரண்டாம் சரணத்தில் இறந்த பெண்

2004 ஜனவரி, ஆலன், பொங்கல் விழா: ஐயாயிரம் ரூபாய்.
2005 ஏப்ரல், பேர்லேண்ட், புத்தாண்டு விருந்து: இருபதாயிரம்.
2006 நவம்பர், அதே ஊர், புதுமனை புகுவிழா: ஒரு லட்சம், கூடவே ஓட்டு வீடு ஒன்று.

ஒரே ஆள் ஒரே முறை வாங்கியதாகச் சொல்லப்படும் லஞ்சம் இப்படி வளர்ந்திருக்கிறது. வளர்த்தவர் வெளிநாட்டில் குடியேறிய கோபாலசாமி. பாட்டுக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதையைச் சொல்லும் இனத்தைச் சேர்ந்தவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் பாட்டைக் கேட்பதில்லை, நிறுத்துகிறார்கள். விருந்துக்குப் போனால் செருப்பைக் கழற்றியதுமே ரிமோட்டைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் பாட்டு வரும்வரை சமோசாவைக்கூட இடது கையால் தின்று, இரண்டாம் சரணம் தொடங்கும் முன் சரியாக ஓர் அழுத்து அழுத்தி, "இது யாரைப் பத்தின பாட்டு, தெரியுமோ?" என்று கேட்பார்கள். யாருக்குத் தெரியும்?

கோபாலசாமியின் பாட்டு, தோல் தொழிற்சாலையால் கெட்டுப்போன ஒரு கிணற்றைப் பற்றிச் சென்னைப் பையன்கள் சிலர் பாடியது. பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த தொழிற்சாலை முதலாளியின் தம்ளரில், ஒரு மாணவி ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைக்கிறாள். அவர் அதன் நிறத்தைப் பார்க்கிறார், குடிக்கவில்லை. பாட்டில் இவ்வளவுதான். கோபாலசாமிக்குப் போதுமா? அந்தத் தண்ணீரை அவளே எடுத்துக் குடித்தாள், மூன்றாம் நாள் செத்தாள், அப்பன்காரன் முதலாளியிடம் பணம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். பாடகனே இவரிடம் சொன்னானாம். வேறு யாரிடமும் சொல்லவில்லையாம்.

2007 ஜூன் மாதம் பேர்லேண்டில் சேக் தாவூத் வீட்டில் விருந்து. அவர் மனைவி நஜீமா திண்டுக்கல் பக்கத்துப் பெண். ஊரிலிருந்து வந்திருந்த, அவள் அத்தா என்றழைக்கும் அப்பா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கோபாலசாமியின் கை ரிமோட்டுக்குப் போனதுமே அவர் மனைவி ஷ்யாமளா சொன்னாள்: "அந்தப் பொண்ணை இன்னிக்காவது எல்லாரும் சாப்பிட்டப்புறம் கொல்லுங்கோ."

கொன்றுவிட்டார். அப்பனுக்குப் பணமும் கொடுத்துவிட்டார். இந்த முறை இரண்டு லட்சம்.

நஜீமா பிரியாணித் தட்டை மேசையில் வைத்தாள். "அங்கிள், அந்தப் பொண்ணு நான்தான்."

கோபாலசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். உயிரோடு இருந்தாள். என்ன இடைஞ்சல்! "இருக்காதும்மா. நீ வேற ஏதோ இன்சிடென்ட்டோட கன்ஃப்யூஸ் பண்ணிக்கறே. நான் டீப்பா ரிசர்ச் பண்ணியிருக்கேன்."

"நான் செத்தா செத்துட்டுப் போறேன் அங்கிள். எங்க அத்தா காசு வாங்கலை. என்னாலதான் அந்தத் தோல் ஃபேக்டரில அவருக்கு இருந்த வேலை போச்சு. அப்புறம் எட்டு வருஷம் லாரிக்கு லோடு ஏத்துனாரு. ஊரெல்லாம் இதைச் சொல்லிட்டிருக்கீங்க. இப்ப எல்லார் முன்னாடியும் 'வாங்கலை'ன்னு சொல்லுங்க."

கோபாலசாமி ரிமோட்டில் அடுத்த பாட்டைத் தேடினார்.

"விடு பாப்பா," என்றார் அத்தா. பிறகு கோபாலசாமி பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த ரெண்டு லட்சத்தை நான் எங்க வெச்சேன்னு பாட்டுக்காரப் பிள்ளை ஏதும் சொன்னானா? சொல்லியிருந்தா ஊருக்குப் போனதும் தேடிப் பார்க்கலாம்."

வீடே சிரித்தது. முதலில் சிரித்தவர் அத்தாதான்.

கோபாலசாமி திருந்தினாரா? திருந்தாமல் என்ன! அடுத்த மாதம் ஆலனில் ரிமோட்டை அழுத்திவிட்டுச் சொன்னார்: "அப்பா காசு வாங்கலை. எல்லாரும் தப்பாச் சொல்லிண்டிருந்தா. உண்மையைக் கண்டுபிடிச்சவன் நான். அந்தப் பெரியவர் என் கையைப் பிடிச்சுண்டு ஒரு மணி நேரம் அழுதார்."

அந்தப் பெண்? செத்தவள் செத்தவள்தான். பேர்லேண்டில் இருப்பது அவளுடைய தங்கையாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை எங்காவது ஒரு விருந்து இருக்கும். பிரியாணி ஆறுவதற்குள் இதைச் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. சொல்லுங்கள். நஜீமாவை உங்களுக்கு நேரிலேயே தெரியும் என்று ஆரம்பிப்பீர்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெரியவர் சிரித்தார். அழ வைத்துவிடாதீர்கள்.