மேனேஜரின் கஷன்

“நாளைக்கு நான் வாயே திறக்கப் போறதில்ல தம்பி. நீங்கதான் பேசறீங்க,” என்று மேனேஜர் சொன்னதும், உட்கார்ந்திருந்த நாற்காலி அவனுக்குச் சுட்டது.

“நானா சார்? எப்பவும் நீங்கதானே பேசுவீங்க?”

“அடுத்த மாசம் நான் தலைமை ஆபீசுக்குப் போயிட்டா, இந்த சீட்டுல உட்காரப் போறவர் பேசிப் பழக வேண்டாமா? நாளைக்கு வர்றது பெரிய ஹோட்டல் பார்ட்டி. அந்த ஆர்டரைப் புடிச்சிட்டீங்கன்னா மேலிடத்துல தைரியமா உங்க பேரைச் சொல்லுவேன். நம்ம கஷனைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

கஷன். வந்துவிட்டது அந்த வார்த்தை.

ஊர் உலகமெல்லாம் குஷன் என்று சொல்கிற மெத்தென்ற அந்தச் சதுரப் பொருளை, அதையே செய்து விற்று வயிறு வளர்க்கிற இந்த ஒரு கம்பெனியில் மட்டும் கஷன் என்பார்கள். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய், “இதுதான் தம்பி நம்ம கஷன் செக்ஷன்,” என்று காட்டினார். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டான். மனிதர் தங்கமானவர். அதோடு, சேர்ந்த அன்றைக்கே மேலதிகாரிக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தவன் உருப்பட்டதாகச் சரித்திரம் கிடையாது.

அன்றிலிருந்து அவர் காதுபட அவனும் கஷன்தான். ஸ்டோர் கீப்பர் கஷன். கணக்கு அம்மா கஷன். தையல் பிரிவில் காது கேட்காத பெரியவர்கூட உதட்டைக் குவிக்காமல் கஷன்தான். ஜால்ரா போடுவதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று வீட்டில் எத்தனையோ சாயங்காலம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. குஷன் என்று சரியாகச் சொன்னால், வெளியாள் முன்னால் மேனேஜரை முட்டாளாக்கிய பாவம். கஷன் என்றால், விற்கிற சரக்கின் பேரே தெரியாதவன் என்று ஹோட்டல்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் நாற்காலி கோவிந்தா.

கம்பெனியில் அவனுக்குப் பட்டப்பெயர் பரபரப்பு. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் பேனா ஆடும். அன்று சாயங்காலம் வீட்டில் ஆள் மொத்தமாகவே ஆடினான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்ததில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவிக்குத் தலை சுற்றியது. அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

“அவர் சொல்றதையும் ஒரேயடியா குத்தம் சொல்ல முடியாதுங்க,” என்றாள். “‘யூ’ங்கற எழுத்து ஒண்ணுதான். புஷ்ஷுக்கு ஒரு சட்டம், பிரஷ்ஷுக்கு ஒரு சட்டம்னு வெச்சிருக்கான் வெள்ளைக்காரன். உங்க மேனேஜர் பிரஷ் கட்சி, அவ்வளவுதான்.”

“கட்சி கிடக்கட்டும். நாளைக்கு நான் என்ன சொல்லித் தொலைக்கறது?”

“ஹோட்டல்லேருந்து வர்ற அம்மா எந்த ஊரு? எங்க ஸ்டாஃப் ரூம்லயே ஸ்கூலுங்கறது ஒருத்தருக்கு இஸ்கூல், ஒருத்தருக்கு சுகூல். ஒருவேளை அவங்க ஊர்லயும் கஷனோ என்னவோ.”

“ஒருவேளைய நம்பி என் வேலைய வெக்கச் சொல்றியா?”

அவள் பேனாவை மூடினாள். “அப்ப அந்த வார்த்தையே வேணாம். சாய்ஞ்சுக்கற பொருள், மெத்துனு இருக்கற பொருள்னு சுத்தி வளைச்சுப் பேசுங்க. வாய்க்கா பஞ்சம் உங்களுக்கு?”

அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மறுநாள் கூட்ட அறையில் ஹோட்டல் அம்மா லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். கொள்முதல் முழுக்க அவர் கையில். பக்கத்தில் மேனேஜர், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்பா உட்காருவது போல இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். பரபரப்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“எங்க தயாரிப்பு, அதாவது முதுகுக்கு ஆதரவா இருக்கற, மெத்துனு, நாலு பக்கமும் தையல் போட்ட, ஒரு வசதியான பொருள்...”

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பேச்சு நீண்டது. பொருள் சோபாவை அழகாக்கியது, தூக்கத்தை வரவழைத்தது, முதுகுவலியைத் துரத்தியது. பெயர் மட்டும் வரவில்லை.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் கடைசியில். “நீங்க விக்கறது தலையணையா?”

“இல்ல மேடம்.”

“மெத்தையா?”

“அதுவும் இல்ல மேடம்.”

மேனேஜரின் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை அவன் பார்த்தான். சுற்றி வளைத்தது போதும் என்று அடுத்த வழிக்குத் தாவினான். அந்த வார்த்தை வருகிற இடத்தில் இருமினான். “எங்க லொக்கு லொக்கு எல்லாமே ஃபோம் போட்டது. எங்க லொக்கு லொக்குக்கு ரெண்டு வருஷம் உத்தரவாதம்.”

மேனேஜர் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அந்த அம்மா கைப்பையிலிருந்து முகக்கவசம் எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியை ஜன்னலோரமாக நகர்த்தினார். இருமலும் உதவாது என்று ஆனது.

இனி பேச்சே வேண்டாம், பொருளையே காட்டிவிடலாம். “சாம்பிள் கொண்டாங்க,” என்று கதவைப் பார்த்துக் கத்தினான். ஸ்டோர் கீப்பர் புத்தம் புதிய நீலக் குஷன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பரபரப்பு அதைக் கட்டிக்கொண்டான், முதுகில் வைத்துச் சாய்ந்தான், உறுதியைக் காட்டுவதற்காகக் கீழே போட்டு அதன்மேல் பொத்தென்று உட்கார்ந்தும் காட்டினான்.

ஜிப் விட்டுக்கொடுத்தது. உள்ளே அடைத்திருந்த ஃபோம் துணுக்குகள் குபுக்கென்று கிளம்பி மேஜைமேல் கொட்டின. லேப்டாப்பில் பாதி, அந்த அம்மாவின் காபியில் மீதி.

நல்ல மனுஷி. கோபப்படாமல் கீபோர்டைத் தட்டி விட்டார். “பரவாயில்ல சார், பதட்டப்படாதீங்க. எந்த குஷனா இருந்தாலும் மேல போய்...” என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டோர் கீப்பர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

ஐந்து வருஷமாக எந்த வார்த்தை மேனேஜர் காதில் விழக்கூடாது என்று பரபரப்பு பொத்திப் பொத்திப் பாதுகாத்தானோ, அது விழுந்துவிட்டது. பாவம், மனிதர் எப்படி நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். ஆர்டர் போனால் போகட்டும் என்று ஒரு வேகம் வந்தது அவனுக்கு.

“கஷன், மேடம்,” என்றான் அழுத்தமாக. “குஷன்னு சொல்றது விஷயம் தெரியாதவங்க. எங்க லைன்ல கஷன்தான்.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கஷன். சாரி சார், கஷன்,” என்று அந்த அம்மா பணிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார். கூட்டம் முடிந்தது. இருவரும் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே பரபரப்பு வராந்தாவை அளந்தான். வாங்க வந்தவரையே, அதுவும் சரியாகச் சொன்னவரையே, தப்பு என்று திருத்திய விற்பனைக்காரன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது. நாற்காலியை விடு. நாளைக்கு வேலையே இருக்குமா? மனைவியிடம் என்னவென்று சொல்வது?

கதவு திறந்தது. அந்த அம்மா விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். அவன் பின்னாலேயே ஓடி, காரில் ஏறப் போனவரை மூச்சிரைக்க மறித்தான்.

“மேடம், ஒரு நிமிஷம். தயவுசெஞ்சு ஆர்டரை...”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே சார். உள்ள மேனேஜர்கிட்ட இருக்கு. ஜிப்பை மட்டும் நல்லதா போடச் சொல்லுங்க.”

அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போன உயிர் திரும்பி வந்ததில் மனசாட்சியும் கூடவே வந்து தொலைத்தது. திரும்பி வாசலைப் பார்த்தான். மேனேஜர் இல்லை. குரலைத் தாழ்த்தினான்.

“மேடம், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். குஷன்தான் சரின்னு எனக்கு நல்லாத் தெரியும். எங்க மேனேஜருக்குத்தான் அது வாய்ல வராது. அவர் மனசு நோகக்கூடாதுன்னு நாங்க எல்லாருமே கஷன்னு சொல்லிச் சமாளிக்கறோம். அதுக்காகத்தான் உங்களைத் திருத்தற மாதிரி ஆயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.”

அந்த அம்மா முகக்கவசத்தைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நேத்து உங்க மேனேஜர் எனக்கு போன் பண்ணி, ‘எங்க ஆளு இன்டர்வியூல பயத்துல கஷன்னு சொல்லிட்டாரு, திருத்தினா மனசு ஒடைஞ்சிடுவாருன்னு அஞ்சு வருஷமா இந்த ஆபீசே அப்படித்தான் சொல்லிட்டிருக்கோம், நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க’ன்னு கெஞ்சினாரே சார்.”