ஒரு பக்கம் பாக்கி

தன்னடக்கக்காரரைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். அவரே சொல்லிவிடுவார்.

எருசலேமில் எங்கள் பேட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு படிப்புக் கூடத்தில்தான் விழ வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் இந்த இனத்தில் ஒருவராவது கட்டாயம் இருப்பார். எங்கள் கூடத்துக்கு வாய்த்தவர் ரெப் ஃபைவிஷ், அதாவது ஃபைவிஷ் ஐயா. கிழக்குச் சுவரை ஒட்டிய நாற்காலிகள் பெரிய படிப்பாளிகளுக்கு என்பது வழக்கம். ஃபைவிஷ் உட்காருவது கதவோரம், ஈரக் கோட்டுகள் தொங்கும் கடைசி பெஞ்சில். நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கிழக்குச் சுவர்வரை நடந்து போவார். காலி நாற்காலி ஒன்றைப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொள்வார், பிறகு வரிசை வரிசையாக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "நமக்கு எதுக்குங்க அந்த இடமெல்லாம்" என்று சொல்லியபடியே கடைசி பெஞ்சுக்குத் திரும்பி வருவார். யாராவது அவரை அங்கே உட்காரச் சொன்னார்களா? இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

யூதச் சட்டத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு சிக்கல் வந்தால் "நான் என்னத்தைக் கண்டேன்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் வாய் திறக்க முடியாது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து புதிதாக வந்த ஒரு வெகுளி மனிதர், அவர் சொன்னதை அப்படியே நம்பி, "பரவாயில்லீங்க, போகப் போகக் கத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஃபைவிஷ் அவருடைய ஓய்வுநாள் வாழ்த்துக்குப் பதில் வாழ்த்துச் சொல்லவில்லை.

மாலையில் கொஞ்ச நேரம் எல்லாரும் நல்லொழுக்க நூல் படிப்பார்கள். கர்வத்தைப் பற்றிய அத்தியாயம் வரும்போது ஃபைவிஷ் விடும் பெருமூச்சு தெருவரைக்கும் கேட்கும். யாரை நினைத்து அந்தப் பெருமூச்சு? முன்வரிசைக்காரர்களை நினைத்துத்தான்.

எங்களிடம் யாரும் தனியாகப் படிப்பதில்லை. ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர், எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். ஃபைவிஷுக்கு ஜோடி ஸெலிக். இவர் கண்ணாடிக் கடைக்காரர், பேச்சு குறைவு. வாதத்தில் தோற்றால் "ஆமா, நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஃபைவிஷுக்கு இது அநாகரிகமாகப் பட்டது.

போன குளிர்காலத்தில் இருவரும் தல்மூத்தின் ஒரு நூலை முடிக்கும் கட்டத்துக்கு வந்தார்கள். ஒரே ஒரு பக்கம் பாக்கி. ஸெலிக் தாளைத் திருப்பப் போனார். ஃபைவிஷ் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

"இப்ப வேணாம். பஸ்கா பண்டிகைக்கு முதல் நாள் காலையில முடிச்சுக்கலாம்."

"படிக்கிறதுக்குத்தானேப்பா பக்கம் இருக்கு?" என்றார் ஸெலிக். ஆனால் வற்புறுத்தவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி வைத்துவிட்டு இருவரும் வேறு நூலைத் தொடங்கினார்கள்.

ஏன் அந்தக் காலை? பஸ்காவுக்கு முதல் நாள் தலைச்சன் பிள்ளைகள் எல்லாரும் விரதமிருக்க வேண்டும். அன்று காலை சபை நடுவில் யாராவது ஒரு நூலைப் படித்து முடித்தால், அதற்கு ஒரு விருந்து உண்டு, கூட இருந்து கேட்டவர்களும் அதில் சேர்ந்துகொள்ளலாம், விரதம் தீர்ந்தது. எங்கள் கூடத்தில் பாதிப் பேர் தலைச்சன்கள். ஃபைவிஷும் ஒரு தலைச்சன். அன்றைக்குக் கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் ராஜா.

பாவம், ஃபைவிஷைப் பார்த்தாலும் இரக்கமாகத்தான் இருக்கிறது. அவருடைய அப்பா கிழக்குச் சுவரில் உட்கார்ந்தவர். மகனை ஒரு தடவைகூட யாரும் பெயர் சொல்லி முன்னே அழைத்ததில்லை. கூடமே திரும்பிப் பார்க்க, "ரெப் ஃபைவிஷ், வாங்க" என்று ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும், ஆயுளில் ஒரே ஒரு தடவை. அதற்காகத்தான் மனிதர் ஒரு பக்கத்தைக் குளிர்காலம் முழுக்கப் பட்டினி போட்டார்.

கூப்பிட்டதும் போய்விட்டால் அடக்கம் என்ன ஆவது? எத்தனை தடவை மறுப்பது முறை என்று மனைவி ஹிண்டாவிடம் யோசனை கேட்டார். அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்த ஹிண்டா, "ஒரு தடவை போதும். பசிச்சவங்க காத்திருக்க மாட்டாங்க" என்றாள். ஃபைவிஷ் இரண்டு என்று முடிவு செய்தார். மூன்றாவது அழைப்பில் தயங்கித் தயங்கி எழுந்து போவது. கண்ணாடி முன்னால் தயங்கிப் பார்த்துக்கொண்டார், நன்றாகவே வந்தது.

அந்தக் காலை வந்தது. மேஜை நிறையத் தேன் கேக்கும் ஹெரிங் மீனும் வோட்காவும். கூடத்தின் நிர்வாகி நூட்டாவின் கண் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. புளித்த மாவுப் பண்டத்தைக் காலைப் பொழுது ஏறுவதற்குள் தின்று தீர்க்க வேண்டும், மிச்சத்தைத் தெருமுனை நெருப்பில் போட வேண்டும், அதற்குமேல் பஸ்கா முடியும்வரை தொடக் கூடாது.

"ரெப் ஃபைவிஷ், வாங்க" என்றார் நூட்டா.

கூடமே ஃபைவிஷைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் கையை அசைத்து மறுத்தார். தான் ஒரு தூசு என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். நூட்டா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். ஃபைவிஷ் தூசிலும் தூசு என்று இன்னொரு உரை, இது கொஞ்சம் நீளம், அதன் உச்சத்தில் தன்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே எத்தனையோ பேர் என்றார்.

"யாருன்னு சொல்லுங்க" என்றார் நூட்டா.

பேச்சு வேகத்தில் ஃபைவிஷின் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. "இதோ, ஸெலிக் இருக்காரே."

"சரி. ஸெலிக், வாங்க."

ஸெலிக் எழுந்திருக்கவில்லை. தாழ்ந்த குரலில், "நீ போப்பா. உன் ஆசைதானே இது" என்றார். இது மூன்றாவது அழைப்புதான். ஆனால் சபை கூப்பிடாமல் பெஞ்சுக்காரன் கூப்பிட்டால் அதில் என்ன மரியாதை? ஃபைவிஷ் புன்னகையோடு தலையாட்டி மறுத்தார். பசித்த தலைச்சன்கள் ஸெலிக்கைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள்.

ஃபைவிஷ் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளி நடைக்கு வந்தார். யாராவது ஓடிவந்து கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று கைகழுவும் தொட்டி அருகில், பிடிக்க வசதியாகக் கையைத் தொங்கவிட்டு நின்றார். யாரும் வரவில்லை. உள்ளே "மசல் தோவ்" என்று வாழ்த்துச் சத்தம் கிளம்பியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நூல் முடிந்ததைத் தன் காதால் கேட்கவில்லை. இன்று ராத்திரிவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

அந்த வழியாகப் போன இரண்டு பேர் விசாரித்தார்கள். ஃபைவிஷ் கண்ணை மூடிக்கொண்டு, "நான் விரதம் இருக்கேன். ஒரு துண்டு கேக்குக்காக விரதத்தை விடுறதுக்கு மனசு வரலை" என்றார். இருவரும் மரியாதையோடு விலகிப் போனார்கள். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகு ஸெலிக் வந்தார். ஒரு கையில் கேக், கக்கத்தில் அந்த நூல்.

"ஃபைவிஷ், நான்தானே படிச்சேன், நீ இன்னும் கடைசிப் பக்கத்தைப் படிக்கலையே. இப்படி உட்காரு. நீ படி, நான் கேக்குறேன். உனக்கும் நூல் முடிஞ்ச மாதிரி ஆகும், சாப்பிடவும் செய்யலாம்."

சட்டப்படி முழுக்கச் சரி. ஃபைவிஷ் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நடையில் ஒரு துடைப்பமும் வாளியும் தவிர ஆள் இல்லை. கேக்கைப் பார்த்தார். ஸெலிக் துண்டுத்தாள் இருந்த இடத்தில் நூலைப் பிரித்து நீட்டினார்.

"இங்கேயா?" என்றார் ஃபைவிஷ்.

"எங்கே படிச்சாலும் அதே பக்கம்தான்."

ஃபைவிஷ் அந்தப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு மெதுவாக நூலை மூடினார். தனக்கெல்லாம் அந்தத் தகுதி இல்லை என்றார். கேக் தெருமுனை நெருப்புக்குப் போனது.

அந்தப் பக்கம் இன்றுவரை பாக்கிதான். அடுத்த பஸ்காவுக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாராம். இந்த முறை ஒரு தடவை மட்டும் மறுப்பதாக உத்தேசம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வந்து போயிருக்கும், உங்கள் முகம் வந்திருக்காது. எதற்கும் ஒரு சோதனை செய்து பார்த்துவிடுங்கள். இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, அதை ஒரு வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்து பாருங்கள்.

முடிந்துவிட்டால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.