சொந்தக்காரர் இல்லாத நாடு

அலுமாரிக்கு மேலே கிடந்த பெரிய சூட்கேஸைக் கீழே இறக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து யோகாம்பாள் உள்ளே வந்துவிட்டார். சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் மூன்றாம் மாடி வீட்டுக் கதவைப் பூட்டாமல் விட்டது புனிதவதியின் பிழை. கதிரையில் ஏறி நின்று, சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அகப்பட்டுக்கொண்டது அவள் கணவர் சிவநேசனின் தலைவிதி.

யோகாம்பாள் புனிதவதியின் பெரியம்மா மகள். காலையில் அவர் காதில் விழுந்த செய்தி மாலைக்குள் கனடாவுக்குப் போய் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். ஆனால் முறை தெரிந்த மனுஷி. வெளிக்கிடுகிறவர்களை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பதால் சூட்கேஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தூரவோ?" என்று மட்டும் கேட்டார்.

சிவநேசனுக்கு வாயில் வந்தது இதுதான்:

"றேஹாவுக்கு மச்சாள். முதுகு சரியில்லை. மலைப்பக்கத்துக் கிளினிக்கில ரெண்டு கிழமை தங்கி உடம்பைத் தேத்தச் சொல்லிப்போட்டினம்."

அவ்வளவு பெரிய சூட்கேஸை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு முதுகு சரியில்லை என்று சொன்ன மனிதரை யோகாம்பாள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ கண்கலங்கி, "இறங்குங்கோ தம்பி, சூட்கேஸை நான் இறக்கிறன்" என்று கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையில் அவர்கள் போக இருந்தது நமீபியாவுக்கு.

முப்பது வருடத்தில் சிவநேசனும் புனிதவதியும் ஏழு நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். பார்த்தது ஏழு வரவேற்பறைகளை. லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாமில் சின்னம்மா வீட்டுச் சோபா. கனடா என்றால் ஸ்காபரோவில் மச்சானுடைய நிலக்கீழ் அறை. நயாகராவுக்குப் போன அன்று எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் கட்டி, வான் வண்டியில் இடம் பிரித்து, ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டு இறங்கி, அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. எது மழை, எது நீர்வீழ்ச்சி என்று தெரியாமலே திரும்பி வந்தார்கள். பாரிஸில் ஈபிள் கோபுரத்தைச் சிவப்பு விளக்கு எரிந்த நேரத்தில் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். பச்சை விழுந்ததும் மாமா வீட்டில் புட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

சிவநேசனுக்கு வேலை ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் தோய்க்கும் பெரிய சலவைச்சாலையில். வெள்ளையைத் தவிர வேறு நிறம் காணாமல் கழிந்த வருடங்கள் கொஞ்சமல்ல. ஒருநாள் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் சஞ்சிகை ஒன்றைப் புரட்டியபோது, நமீபியாவில் தவறவிடக்கூடாத இடங்கள் என்று நாலு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். வானத்தை முட்டுகிற செம்மணல் மேடு. அதன் உச்சியில் எறும்பளவில் ஒரே ஒரு மனிதன். மணலையும் யானையையும் அவர் பிறகுதான் கவனித்தார். முதலில் அவர் மனதைப் பிடித்தது அந்த மனிதனுக்குப் பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை என்பதுதான்.

அன்று பின்னேரமே மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கே எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா? புனிதவதி தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் சாடைமாடையாக விசாரித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து, ஒரு குருவியும் இல்லை என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் கல்யாணத்துக்குப் பிறகு கண்டதில்லை. உடனே பயணத்தைப் பதிந்துவிட்டார்.

போய் வரும்வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை என்று முடிவாகியது. புனிதவதிக்குக் கண்ணூறு பயம். சிவநேசனுக்கு அதைவிடப் பெரிய பயம், விஷயம் தெரிந்தால் யாராவது 'அப்ப நாங்களும் வாறம்' என்பார்கள்.

முதுகுவலிப் பொய்க்குக் கால் முளைக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. நோய் வருத்தம் பார்க்கப் போவதை எங்கள் சனம் ஒரு கடமையாக அல்ல, ஒரு பொழுதாகவே வைத்திருக்கிறது. அப்பிள், முந்திரிகைப்பழம், நெஸ்டமோல்ட் டின் சகிதம் கிளினிக்குக்கு எப்போது வரலாம் என்று ஆளாளுக்குப் போன் எடுத்தார்கள். கோயில் அடியார்களைத் தன் வானில் ஏற்றி இறக்குவதையே பிறவிப் பயனாகக் கொண்ட வரதராசா, இரண்டு ஞாயிறும் வானை ஒதுக்கிவிட்டதாக அறிவித்தார். சிவநேசனின் மகள் சரணியா கூர் நகரத்து ஆஸ்பத்திரியில்தான் தாதியாக இருக்கிறாள், மலைக்குப் பக்கம், அவள் வீட்டில் தங்கி மாறி மாறிப் போய்ப் பார்க்கலாம் என்று யோகாம்பாள் முறைகூடப் பிரித்துவிட்டார்.

சிவநேசன் பதறிப்போய், அந்தக் கிளினிக்கில் பார்வையாளர்களை விடமாட்டார்கள் என்று சொன்னார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆட்களை அண்டவிடாத முதுகுவலி என்ன முதுகுவலி? யோகாம்பாள் யோசித்தார். ஓர்லிகோன் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் சேர்ந்து யோசித்தார்கள். முதுகு என்றது முள்ளந்தண்டாகி, முள்ளந்தண்டு எலும்பு மச்சையாகி, கத்தரிக்காய் நிறுத்து முடிவதற்குள் வியாதி இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது. தொற்றுமோ என்று யாரோ கேட்க, புனிதவதி தன் பங்குக்கு நிலைமையைச் சீராக்கப் பார்த்தாள்.

"சீச்சீ, தொத்தாது யோகக்கா. என்ன வருத்தமெண்டு டொக்டர்மார் இன்னும் பேர் சொல்லேல்லை."

பேர் சொல்லாத வருத்தம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யோகாம்பாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். பேர் சொல்ல வேண்டாம், வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். மறுநாள் கோயிலில் சிவநேசன் பேரில் விசேஷ பூசை.

முன்வரிசையில், எல்லோரும் பார்க்க, அவர் நிற்கவேண்டியிருந்தது. நோயாளி எப்படி நிற்பான் என்று தெரியாததால் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு கொஞ்சம் சரிந்து நின்றார். பூசை முடிந்து பொங்கல் வந்ததும் பசி அவரைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் தரம் கை நீட்டியபோதுதான் தவறு உறைத்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். "சாப்பிடட்டும், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்" என்று யோகாம்பாள் விம்ம, மூன்றாம் தரமும் அவர் கேளாமலே வந்தது.

மகள் சரணியாவுக்கு மட்டும் போன் எடுத்துப் பயண விபரத்தைச் சொல்லி, யாராவது கேட்டால் சமாளிக்கும்படி கெஞ்சினார். அவள் தாதி. வருத்தக்காரர் விஷயத்தில் விளையாட்டு வைத்துக்கொள்ளாதவள்.

"அப்பா, உங்களுக்காக நான் பொய் சொல்லமாட்டன். நீங்கள் சொன்னது பொய்யெண்டும் சொல்லமாட்டன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

அடுத்த சனிக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் வரதராசா, ஒரு கையில் அப்பிள் பை, மறு கையில் கோயில் விபூதி. அவரை உள்ளே விடாமல் தடுக்க வழியில்லை. மேசையில் மலேரியா மாத்திரைப் பெட்டி இருந்தது. ஊசி போட்ட புயம் வீங்கி, சிவநேசன் அதில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். இவற்றுக்கு நடுவே விரித்தபடி கிடந்தது நமீபியா வழிகாட்டிப் புத்தகம்.

மாத்திரையையும் புயத்தையும் பார்த்த வரதராசாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புத்தகம்தான் அவருக்குப் புரியவில்லை. என்ன அண்ணை இது என்று கேட்டார்.

"மனதுக்கு நல்லதாம். டொக்டர் படம் பாக்கச் சொன்னவர்" என்றார் சிவநேசன்.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் இத்தனை கிழமையாக அவர் அந்த நாட்டைப் பற்றி வாய் திறந்து ஒருவரிடமும் கதைத்ததில்லை. வரதராசா புத்தகத்தின் பக்கம் குனிந்ததும் அவருக்குள் அடைத்து வைத்திருந்த எல்லாம் வெளியே வந்துவிட்டது. சூரியன் ஏற ஏற நிறம் மாறும் செம்மணல் மேடுகளைக் காட்டினார். வெள்ளைக் களிமண் வெளியில் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் செத்தும் விழாமல் நிற்கும் கறுத்த மரங்களைக் காட்டினார். எட்டோஷா என்ற உப்புவெளி. அதன் ஓரத்துத் தண்ணீர்க் குழிக்கு யானை வரும், ஒட்டகச்சிவிங்கி வரும், சிங்கம் வந்தால் மற்றவை ஒதுங்கி நின்று முறை பார்க்கும். கடற்கரையில் உடைந்த கப்பல்கள். சனம் விட்டுப்போன ஊரொன்றில் வீடுகளின் யன்னல் உயரத்துக்கு மணல் ஏறிக் கிடக்கிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

"வேற ஒண்டும் வேண்டாம் வரதன். அந்த மணலில ஒருக்கா ஏறி நிண்டு பாத்திட்டால் எனக்குப் போதும்."

வரதராசா புத்தகத்தை மெல்ல மூடி வைத்தார். பிறகு எழுந்து, சிவநேசனின் நெற்றியில் விபூதியைப் பூசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரை ஏமாற்றியது சிவநேசனின் நெஞ்சைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நல்ல மனுஷன். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். போன் நின்றுவிட்டது. பழம் வரவில்லை, வான் பேச்சு இல்லை, முறை பிரிப்பு இல்லை. முதல் கிழமை சிவநேசன் விடுதலை கிடைத்தவராகத் திரிந்தார். இரண்டாம் கிழமை அவருக்கு மெல்ல ரோசம் வந்தது. இவ்வளவுதானா பாசம்? சாகப்போகிறவனை இப்படியா கைவிடுவார்கள்? நீங்கள் சாகப்போகவில்லையே என்று புனிதவதி ஞாபகப்படுத்தியும் மனம் ஆறவில்லை.

ஓர்லிகோன் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது யோகாம்பாளும் இரண்டு பெண்களும் ஒரு சாமான் தட்டின் முன் குனிந்து குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் பேச்சு அறுந்தது. யோகாம்பாள் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுகமோ என்று கேட்டுவிட்டு நழுவினார். என் செத்தவீட்டைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள் என்று சிவநேசன் புனிதவதியிடம் வந்து முறையிட்டார்.

சரணியாவும் ஒருநாள் போன் எடுத்து, வரதராசா மாமா தன்னோடு கதைத்ததாகச் சொன்னாள்.

"நான் பொய் சொல்லேல்லை அப்பா" என்றாள்.

வாயைத் திறக்கவில்லை என்றுதான் மகள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்ட சிவநேசன், என் பிள்ளை என் பிள்ளைதான் என்று பூரித்துப் போனைக் கீழே வைத்தார்.

பயண நாளும் வந்தது. அன்று மத்தியானம் சூரிச் விமானநிலையத்தில் சிவநேசன் அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார். புனிதவதி சூட்கேஸுக்குள் றைஸ்குக்கரை வைத்தே தீருவேன் என்று நின்று வென்றிருந்தாள். அதை அவர் மன்னித்துவிட்டார். நாளைக்கு இந்நேரம் அத்தான், மாமா, தம்பி என்று அழைக்க ஆளில்லாத மண்ணில் நிற்கப்போகிறோம் என்ற நினைப்பில் எதையும் மன்னிக்கலாம் போலிருந்தது. முப்பது வருடத்தில் முதன்முறையாக மனைவியின் கையைப் பொது இடத்தில் பிடித்தார். அவளும் விடுவிக்கவில்லை.

பிராங்க்பேர்ட் வழி விமானத்துக்கான வரிசை நகர்ந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயரட்டையைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டார். கோபிஷா. எங்கள் பிள்ளை. கோயிலில் கண்ட முகம்போலவும் இருந்தது.

ஓடவும் முடியாது. கடவுச்சீட்டுகளை நீட்டியபடி முன்னால் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, எங்களை இஞ்சை கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். எங்கட ஆக்களுக்குத் தெரியாமல் வெளிக்கிடுறம்."

கோபிஷா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. போனை எடுத்து ஜேர்மனில் ஏதோ சொன்னாள். சிறிது நேரத்தில் சீருடை போட்ட ஒருவர் சில்லு நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து சிவநேசனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

ஆள் மாறிவிட்டது, எனக்குக் காலில் ஒரு குறையுமில்லை என்று சிவநேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

கோபிஷா கவுண்டருக்கு மேலால் எட்டி அவர் கையை ஆதரவாகத் தொட்டாள்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அங்கிள், 'அண்ணையின்ர கடைசி ஆசை, பாலைவனத்தில அவரைத் தனிய விடேலாது' எண்டு வரதராசா மாமாதான் சரணியாட்ட பயண நாளைக் கேட்டு நாற்காலிக்கும் சொன்னவர், உங்களோட வாற பதினெட்டுப் பேரும் முன்னமே உள்ளுக்குப் போயிட்டினம், யோகாம்பாள் மாமி மட்டும் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில சீற் கேட்டு வாங்கிக்கொண்டு போனவ."