பேசாத அப்பா

விற்ற டிக்கெட்டுகளில் பாதியை அப்பாவே வாங்கியிருந்தார். மீதியை அவர் கடைத் தையல்காரி வாங்கினாள், அதுவும் அவர் நச்சரித்ததால்.

நான்கு வருடம் பாடுபட்டு மிரே எடுத்த படம், ‘நீராவியின் மௌனம்’. அமெரிக்காவின் ஃப்ளஷிங்கில் சலவைக்கடை வைத்திருக்கும் அப்பா டேசிக் சட்டை தேய்க்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. அரைமணி கழித்து அடுத்த சட்டை. நிஜத்தில் டேசிக் வாய் ஓயாதவர். தேய்த்த பேன்ட்டைத் திருப்பி வாங்க வந்தவனுக்கு, கொரியாவிலிருந்து கப்பலேறியதிலிருந்து ஆரம்பிப்பார். புலம்பெயர்ந்தவனின் மௌனத்துக்கு அது இடைஞ்சல் என்று மிரே அவர் குரலை வெட்டிவிட்டாள்.

இன்று திரைப்பட விழாக் குழுவிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். காலி நாற்காலிகளைக் கண்டால் அவர் எழுந்து போய்விடுவார். ஆகவே காலையில் மிரே, கொரிய மளிகைக் கடை வாசலில் அப்பாவின் பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்புச் சட்டம் போட்டு மாட்டி, கீழே நேரமும் இடமும் எழுதினாள். அரங்க வாசலிலும் ஒன்று. அழகுக்காகச் சுற்றிலும் வெள்ளைச் சாமந்தி.

சாயங்காலம் அரங்கு நிரம்பியது. எல்லாரும் கறுப்பு உடை. கொரியர் சங்கத்தில் யார் வீட்டுக் காரியத்தையும் முன்னின்று நடத்தும் ஓக்பூன், படத்தின் முன் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டு மிரேயைக் கட்டிக்கொண்டாள்.

“எப்படிம்மா ஆச்சு? போன வாரம்கூட என் கோட்டைத் தேய்ச்சுக் குடுத்தாரே.”

“என்ன ஆச்சு அத்தை?”

“கறுப்புச் சட்டம், வெள்ளைச் சாமந்தி. இழவு வீட்டுக்கு நாங்க என்ன புதுசா? மனசுல வைக்காதே, அழுதுடு.”

அது கொரியர்களின் இழவு அடையாளம் என்று அமெரிக்காவில் பிறந்த மிரேக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். கடைசி வரிசையில் கறுப்பு சூட் போட்ட அந்நியர் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விழாக்காரர் வந்துவிட்டார்.

பின்வாசலில் டேசிக், வந்தவர்களுக்குச் சோற்றுச் சுருள் டப்பாவோடு நின்றார். மிரே அவரைத் துடைப்ப அறைக்குள் தள்ளினாள்.

“படம் முடியற வரைக்கும் இங்கேயே இருங்கப்பா. நீங்க செத்துட்டதா நினைச்சு வந்திருக்காங்க.”

“ஓக்பூனுமா? அழறாளா?”

“அழறாங்க.”

“ஒரு பட்டன் போனதுக்கு என் பரம்பரையையே திட்டினவ.” அவருக்குத் திருப்தி. “சரி, படத்துல நான் பேசறது நல்லா வந்திருக்கா?”

மிரே கதவைச் சாத்தினாள்.

படம் ஓடியது.

“ஏன் முதுகையே காட்டறாங்க?” என்றது ஒரு குரல்.

“வேற வீடியோ இல்லை போல. பாவம், இருக்கும்போது யார் எடுக்கறாங்க?”

“ஒரு வார்த்தை பேச மாட்டாரா” என்று ஓக்பூன் விம்ம, அரங்கமே விம்மியது. எந்த விழாவிலும் இப்படி அழுதிருக்க மாட்டார்கள்.

விளக்கு எரிந்ததும் அந்நியர் மிரேயிடம் வந்து தலை தாழ்த்தினார்.

“மன்னிக்கணும். அப்பா நிஜமாவே காலமாயிட்டாரா? இன்னிக்குக்கூடப் பார்த்ததா ஒருத்தர் சொல்றார். அதுல சந்தேகம் இருந்தா நாங்க மேற்கொண்டு எதுவும் செய்யறதுக்கில்லை.”

துடைப்ப அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. மிரே அதைப் பார்த்தாள். நான்கு வருடத்தையும் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலமானார்.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. டேசிக் ஒன்றும் பேசவில்லை.

அந்நியர் கையுறையை மாட்டிக்கொண்டார். “ஓக்பூன் அம்மாதான் போன் பண்ணினாங்க. எங்க சவ ஊர்தி வெளில நிக்குது. ஐயாவை எங்கே வச்சிருக்கீங்க?”