ஹர்த்தால் அண்ணாச்சியின் நாலு டயர்

திருவனந்தபுரத்தில் ஹர்த்தால் என்றால் அதை அறிவித்த கட்சிக்காரனுக்கே அன்றைக்கு ஒரு டீ கிடைக்காது. அதனால் மனசறிந்து யாரும் அதை விரும்பியதில்லை. எப்போது வரும், எப்போது வரும் என்று ஏங்கிக் கிடந்த ஒரே மனிதர் எங்கள் சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சிதான். அப்பா அம்மா வைத்த பெயர் கடை போர்டில் இருந்தது. பெயின்ட் உதிர்ந்ததும் அதுவும் போய், ஹர்த்தால் அண்ணாச்சி என்பதே நின்றுவிட்டது.

நான் அவர் கடைக்கு எதிரே டீ மாஸ்டராக இருந்தவன். களக்காட்டுப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், மறந்தது அதைவிட அதிகம். யாருக்கு டீயில் சாயம் கடுப்பம், யாருக்குச் சர்க்கரை குறைவு என்பது மட்டும் இன்னும் மறக்கவில்லை. குடித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவர்களுடைய சர்க்கரைக் கணக்கு என் தலைக்குள் சும்மா கிடக்கிறது.

அண்ணாச்சிக்கு ஹர்த்தால் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு கார். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு சீட்டு, தரையில் படுத்துக்கிடப்பது போல இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். அவருடைய அக்கா மகன் பெங்களூரில் பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். கனடாவில் வேலை கிடைத்ததும் மாமாவின் குடோனில் அண்டாக்களுக்கு நடுவே அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். மற்ற நாளில் அதை வெளியே எடுக்க வழியில்லை. சாலைத் தெருவில் வெங்காய லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் இடையில் மனுஷன் நுழைவதே பாடு. வேகத்தடை ஏறினால் காரின் வயிறு உரசும். ஹர்த்தாலன்றுதான் கடையும் அடைப்பு, ரோடும் காலி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்குவார். ஏறுவார் என்று சொல்ல முடியாது, கிணற்றில் இறங்குகிற மாதிரிதான்.

வேகம் மட்டும் கேட்காதீர்கள். வேகமாகப் போனால் ரோடு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பார்.

மறியலுக்கு நிற்பவர்களெல்லாம் அவருக்குச் சிநேகம். நடுரோட்டில் போட்டு எரிக்கப் பழைய டயர் வேண்டுமே. எந்தக் கட்சி கேட்டாலும் எங்கிருந்தாவது வாங்கித் தருவார். ஒரே ஒரு நிபந்தனை, அவர் கார் கடந்து போன பிறகுதான் கொளுத்த வேண்டும்.

இதையெல்லாம் டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். என் வீட்டுக்காரி இசக்கிக்குக் கிட்னி போகும்வரை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு வரவேண்டும். ஆட்டோ கிடைக்காத நாள் ஹர்த்தால் நாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், பேச்சும் நடையுமாக இருக்கிறவளுக்கு என்ன அவசரம் என்று அடிபட்டவர்களை எடுக்கப் போய்விடுவார்கள். ஒரு தடவை அப்படிக் காத்திருந்து முறை தவறிவிட்டது. மறுநாள் காலையில் உடம்பெல்லாம் நீர் ஏறி, மூச்சுவிட முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தபிறகு ரேடியோவில் ஹர்த்தால் என்ற சொல் வந்தாலே அவள் முறை என்றைக்கு என்று காலண்டரைப் பார்க்க ஓடுவேன்.

அண்ணாச்சி எங்களிடம் கேட்கக்கூட இல்லை. அடுத்த ஹர்த்தாலன்று காலையில் வீட்டு வாசலில் கார் நின்றது. கண்ணாடியில் ஆஸ்பத்திரி என்று மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு சீட்டில் ஒன்று அவருக்கு, ஒன்று இசக்கிக்கு. எனக்கு இடமில்லை. நான் சைக்கிளில் போனேன். போய்ச் சேர்ந்து, சைக்கிளைப் பூட்டி, ஒரு பீடியும் குடித்து முடித்த பிறகுதான் ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஹர்த்தாலுக்கும் அப்படித்தான். வழியில் மறியல்காரர்கள் முதலில் நம்பவில்லை, இந்த வண்டியிலா நோயாளி என்று சிரித்தார்கள். அப்புறம் அவர்களே இரண்டுபேர் ஆஸ்பத்திரிவரை வந்து அவளைக் குழிக்குள்ளிருந்து தூக்குகிற மாதிரித் தூக்கி வெளியே விடுவார்கள்.

இவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் பழவங்காடி திரும்பும்போது கொடியோடு நாலுபேர் குறுக்கே வந்தார்கள். அண்ணாச்சி பிரேக்கை மிதித்த மிதியில் இசக்கியின் ஊசி குத்துகிற கை முன்னால் போய் இடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகு, வண்டி நல்ல வண்டிதான், ஆனால் ஒவ்வொரு குழியும் எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது என்றாள். இதை நான் டீ ஆற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

மறுநாள் குடோனுக்குப் போனால் கார் செங்கல்மேல் நிற்கிறது. நாலு சக்கரமும் இல்லை.

"மைனிக்கு வலிக்காத டயர் கிடைக்கிற வரைக்கும் இது இறங்காது மாஸ்டரே" என்றார். இசக்கி அவருக்கு மைனி, அண்ணி முறை.

அங்கே ஆரம்பித்தது என் கஷ்டம். மத்தியானம் கடைகள் தூங்கும் நேரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்கு நடப்பார். வெயில், தார், டயர் நாற்றம். அங்கே குட்டன் என்று ஒரு டயர்கடைக்காரர், மலையாளி, பொறுமைசாலி. அவர் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரமெல்லாம் அண்ணாச்சி கடையில் எடுத்தது, அதனால் துரத்த முடியாமல் மாட்டிக்கொண்டார்.

அண்ணாச்சிக்குச் சாமான் பார்க்கத் தெரிந்த ஒரே வழி பாத்திரம் பார்க்கிற வழி. டயரைக் கட்டைவிரலால் அமுக்குவார், மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். வீலைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். குட்டன் உள்ளே போய் இருப்பதிலேயே உயர்ந்த அலாய் வீலைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி அதை ஒரு கையில் தூக்கினார், முகம் சுருங்கிவிட்டது.

"என்னவே இது, கனமே இல்ல. தகடு."

"லைட்டா இருக்கறதுக்காணு அண்ணாச்சி வில கூட" என்றார் குட்டன்.

"கனமில்லாத சாமானுக்குக் கூட வெல சொல்லுதவன நான் இப்பத்தான் பாக்கேன்" என்று கீழே வைத்துவிட்டார்.

குட்டன் அதற்குமேல் பொறுமையாக விளக்கினார். இந்தக் காருக்குச் சக்கரம் பெரிசு, அதைச் சுற்றி ரப்பர் மெலிசு. அதனால்தான் குழியெல்லாம் உடம்புக்கு வருகிறது. சின்னச் சக்கரமும் தடித்த டயரும் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் மருமகன் இதில் பெரிய பிரேக் மாட்டி வைத்திருக்கிறான். சின்னச் சக்கரம் அதன்மேல் உட்காராது, இடிக்கும். பெரிய பிரேக் வேண்டுமா, மெத்தை வேண்டுமா என்று ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணாச்சிக்கு இரண்டும் வேண்டும். கொடிக்காரர்கள் குறுக்கே வந்தால் நிற்கவும் வேண்டும், குழியில் இறங்கினால் தெரியவும் கூடாது. நாள்கணக்கில் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தார். கடைசியில் குட்டனுக்கே சலித்துப்போய், "அண்ணாச்சி, பிரேக்கினு ஒரு குழப்பமும் இல்ல. மாத்த வேண்டியது உங்க கால" என்று சொல்லிவிட்டார்.

நான் சண்டை வரும் என்று பார்த்தேன். அண்ணாச்சி யோசனையோடு தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அன்றையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தபடி மேஜைக்கு அடியில் சோறு வடிக்கிற சிப்பல் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதை மெள்ள மெள்ள மிதித்துப் பழகினார். வாடிக்கையாளர் விலை கேட்டால் மிதித்து முடித்துவிட்டுத்தான் பதில். கால் பழகிவிட்டது, இனிப் பெரிய பிரேக் வேண்டாம், மெத்தை போதும் என்றார். பிறகு சோதனை. குட்டன் தலையில் கையை வைத்துக்கொண்டு பெரிய பிரேக்கைக் கழற்றி, சாதாரணப் பிரேக்கை மாட்டினார். ஒரு டாக்ஸியில் கழித்த இரும்புச் சக்கரத்தில் தடித்த டயரைப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் அண்ணாச்சி ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் ஊற்றி, பக்கத்துச் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டு, கோட்டையைச் சுற்றி வந்தார். போலீஸ்காரர் நிறுத்தி, குடத்தைப் பார்த்து, பெல்ட்டைப் பார்த்து, என்ன கேட்பது என்று தெரியாமல் போகச் சொல்லிவிட்டார். குடத்தில் தளும்பிய அளவு பார்த்து டயர் ஒதுக்கினார். ஒரு டயரில் தண்ணீர் சிந்திக் குடத்தின் கழுத்துவரை இறங்கியது. இன்னொன்றில் சிந்தியது அதைவிடக் கொஞ்சம் குறைவு. சீட்டு மட்டும் எப்போதும் ஈரம்.

மருமகன் கனடாவிலிருந்து போனில் கத்தினான். காரை ஆட்டோ ஆக்கிவிட்டீர்களே மாமா என்றான். ஆட்டோ ஆகியிருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

கடைசியில் இரண்டு செட் டயர் மிஞ்சியது. எது என்று முடிவாகவில்லை. இரண்டையும் குடோனில் அடுக்கிவைத்துவிட்டு, கார் மறுபடி செங்கல்மேல் ஏறியது. அப்போதுதான் அறிவிப்பு வந்தது. நாளைக்கு ஹர்த்தால். நாளைக்குத்தான் இசக்கியின் முறை.

நான் கடையை விட்டுவிட்டு ஓடினேன். அண்ணாச்சி டயரை முகர்ந்துகொண்டு நிற்கிறார். குட்டன் ஜாக்கிமேல் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதுதான் கண்ணில் வந்தது.

"அண்ணாச்சி, ஏதாவது ஒண்ண மாட்டுங்க. வலிச்சா வலிக்கட்டும். அவளுக்கு மூச்சு முட்டுனா இந்தக் குடமா வந்து பாக்கும்?"

அவ்வளவு காலத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். என் சத்தம் தெருவரை கேட்டிருக்க வேண்டும். அறிவிப்பைக் கேட்டு வீட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த இசக்கி உள்ளே நுழைந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு வாங்கியது. குடோனில் நாற்காலி கிடையாது. வந்தவள் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் மூச்சுவிட்டாள். பிறகு எழுந்து, அடுத்த அடுக்குக்குப் போய் அதிலும் உட்கார்ந்தாள்.

"இது கொள்ளாம்" என்றாள். "இதுல இடுப்புக்கு எதமா இருக்கு."

"குட்டா, இதுதான். மாட்டும்" என்றார் அண்ணாச்சி.

குட்டன் எழுந்து நின்றுவிட்டார். "காத்து அடிக்காத டயர்ல இருந்து பாத்தா என்னத்த அறியும் அண்ணாச்சி?"

"காத்து அடிச்ச டயர்ல நான் குடத்த வச்சுப் பாத்தேன். என்னத்தவே அறிஞ்சேன்? சவாரி குடத்துக்கா, மைனிக்கா?"

இருட்டுவதற்குள் நாலும் ஏறிவிட்டது. பளபளவென்ற சிவப்புக் காருக்குக் கீழே கறுப்பு இரும்புச் சக்கரம். பட்டுவேட்டி கட்டினவர் ஹவாய் செருப்பு போட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அவர்கள் புறப்பட்டார்கள், நான் வழக்கம்போல முன்னால் போய்க் காத்திருந்தேன். ஒரு கொடிக்கூட்டம் குறுக்கே வந்ததாம். கார் நின்றதே தெரியவில்லை, வெளியே கடைகள் பின்னால் நகர்வது நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்றாள் இசக்கி. ரத்தம் சுத்தம் பண்ணி முடிந்து சாயங்காலம் திரும்பும்போதும் நான்தான் முன்னால் வந்தேன். வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். எங்கள் சந்து கொஞ்சம் சரிவு. வெகுநேரம் கழித்துக் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

போய்ப் பார்த்தேன். இசக்கி தலையை ஒருபக்கம் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற நாளில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் இழுக்கும், புரண்டுகொண்டே இருப்பாள். அண்ணாச்சி எஞ்சினை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார். நெற்றியில் வேர்வை.

"எறங்கல்லியா அண்ணாச்சி?" என்றேன்.

"மெள்ளப் பேசும். ஹேண்ட் பிரேக்க இழுத்தா சத்தம் கேக்கும். கியர்ல போட்டா ஒரு குலுக்கு குலுக்கும். கால்லதான் பிடிச்சிருக்கேன்."

அவருக்கு அந்தக் காலில் பழைய நரம்புவலி உண்டு. நான் சுவரோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்து, சத்தம் வராமல் டயருக்கு அடியில் வைத்தேன். இனிக் காலை எடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் கண்ணாடி வழியாகக் கல்லை எட்டிப் பார்த்தார், கனம் போதாது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். காலை எடுக்கவில்லை. தெருவிளக்கு எரிந்தது. அவள் தூங்கினாள். கால் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வாய்திறந்து இல்லை என்பார், அந்தச் சத்தத்தில் அவள் எழுந்துவிடுவாள். அவர் பக்கத்துக் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன், எழுந்து போக மனம் வரவில்லை.